நான் பார்த்துக்கொள்கிறேன்

“நீங்க அடுப்பை மட்டும் பாருங்க அக்கா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.” 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், பெங்களூர் அல்சூர் கடைவீதிக்குப் பின்னால், வீட்டிலேயே பொடி வகைகள் செய்து விற்கும் ஓர் அக்காவின் சமையலறை வாசலில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். உள்ளே வாணலியில் பேடகி மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. நெடியில் எனக்குக் கண் கலங்கியது. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. முழு அன்போடும், செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கையோடும்தான் சொன்னேன். கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி இன்றும் நினைவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோது, அதே சொல்லின் பொருள் வேறாக விளங்கியது. அன்றிலிருந்து அது மனத்தை விட்டுப் போகவில்லை. தொழில் செய்யும் பெண்களுக்குத் துணை நிற்கிறேன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிவந்ததில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளியும் என்று தோன்றுகிறது.

நான் செய்வது வர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை. மெய்நிகர் உதவியாளர் என்ற தமிழ்ச் சொல் இருந்தாலும் எங்கள் தெருவில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மற்றவர்களுடைய ஆபீஸ் வேலையைச் செய்து கொடுக்கிறேன் என்பேன், புரிந்துகொள்வார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டவள் நான். 2021-இல் இதைத் தொடங்கினேன். முதலில் கிடைத்தவர் டொரொண்டோவில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் ஒரு தமிழ்ப் பெண்மணி. மின்னஞ்சல், வகுப்பு அட்டவணை, கட்டண நினைவூட்டல் என்று அந்த வேலை இன்றும் சிக்கலின்றி நடக்கிறது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூரில் ஆட்கள் வரத் தொடங்கியபோது, பெண்கள் நடத்தும் தொழில்களை மட்டுமே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் அம்மா. மர்ஃபி டவுனில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். விடிகாலை நான்கு மணிக்குக் கிரைண்டர் சத்தத்தில்தான் கண் விழிப்போம். வந்த பணம் சாயங்காலம் மாமாவிடம் போகும். அவர் வங்கியில் போடுவார், அரிசிக் கடைக்குக் கொடுப்பார், மீதியை வீட்டுச் செலவுக்குத் தருவார். மாமா ஒரு பைசாகூட ஏமாற்றியவர் அல்லர். ஆனால் பதினோரு ஆண்டுகள் மாவு அரைத்த அம்மாவுக்கு, ஒரு மாதத்தில் தனக்கு எவ்வளவு நின்றது என்று கடைசிவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். “அதெல்லாம் மாமாதான் பாத்துக்கிட்டாரு” என்றாள். அந்தப் பதில் பல ஆண்டுகள் என்னை உறுத்தியது. அப்படியிருந்தும், அல்சூர் அக்காவிடம் நான் சொன்னது மாமா சொன்ன அதே வார்த்தைதான் என்பது சொல்லும்போது எனக்கு உறைக்கவில்லை.

மஞ்சள் பொட்டு வைத்த நோட்டு

முதல் நாள் அக்கா எனக்குக் காட்டியது ஒரு நீள நோட்டு. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். இடது பக்கம் வாங்கியவர் பெயர், வலது பக்கம் என்ன பொடி, எத்தனை கிராம். பணம் வந்துவிட்டால் பெயருக்கு மேல் ஒரு மஞ்சள் பொட்டு. உண்மையிலேயே மஞ்சள்தான், விரல் நுனியில் ஒட்டியிருந்ததை அப்படியே ஒற்றியிருந்தார். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, சாம்பார்ப்பொடி என்று ஏழு வகை செய்கிறார். நிறத்துக்குப் பேடகி, காரத்துக்குக் குண்டூர். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பது மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் மாறும் என்பார். கோதுமை அரைத்த பிறகு அதே மில்லில் தன் சரக்கை அரைக்க விடமாட்டார் என்பதால், காலையில் மாவு மில் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். சரக்கைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

அந்த நோட்டைத் தவிர வியாபாரத்தின் வேறு எந்தப் பிடியும் அவர் கையில் இல்லை என்பது ஒரு வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்த சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் கிடைத்த எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை 2019-இல் மகன் வாங்கிக் கொடுத்திருந்தான். பாக்கெட்டில் அச்சிட வேண்டிய அந்த 14 இலக்க எண் அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் அது எப்போது காலாவதியாகும் என்று தெரியாது. கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரி மகனுடையது, மகன் ஷார்ஜாவில். ஆதாரில் இருந்ததும் அவன் இங்கே இருந்தபோது வைத்திருந்த பழைய எண். அது செத்துப்போய் நாளாகிறது. வங்கிக் கணக்கு அக்கா பெயரில், அதன் செல்பேசி எண் கணவருடையது. யாராவது க்யூஆர் கோடில் பணம் போட்டால் அவர் ஃபோனில்தான் சத்தம் கேட்கும். அவர் எங்கிருந்தாலும் கூப்பிட்டு, “பணம் வந்துருச்சு” என்று சொல்ல, அக்கா மஞ்சள் பொட்டு வைப்பார். அவரை நான் அண்ணா என்று அழைப்பேன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியின் வியாபாரத்தில் பெருமை கொண்டவர், குரல் உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இது எனக்கு விளங்க இவ்வளவு காலம் பிடித்தது.

என் வேலைகள் வரிசையாக நடந்தன. வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டேன், வருகிற ஆர்டர்களைக் கூகுள் ஷீட்டில் ஏற்றினேன், ஸ்பீட் போஸ்ட் டிராக்கிங் எண்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினேன். ஒரு விஷயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் வீட்டிலிருந்து விற்கும் தமிழ்ப் பெண்கள் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வரி உள்ள பொருளை மாநிலத்துக்குள்ளேயே விற்கும்வரை அது சரி. எல்லை தாண்டி விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த வரம்பு பொருந்தாது. முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு தேவை. நமக்கோ அத்தையும் சித்தியும் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களும் சென்னையிலும் வேலூரிலும் இருக்கிறார்கள், ஓசூர் ஒரு மணி நேரப் பயணம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். எனவே ஒரு ஆடிட்டரைப் பிடித்து அக்கா பெயரில் ஜிஎஸ்டி பதிவு வாங்கினோம். பதிவில் யாருடைய செல்பேசி எண்ணைக் கொடுப்பது என்று ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டபோது, அக்கா யோசிக்காமல் கணவரின் எண்ணைச் சொன்னார். நானும் யோசிக்கவில்லை.

ஆறு இலக்கம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது விற்பனைக்கும் வரிக்குமான கணக்கு, போடும் ஏற்பாட்டில் கர்நாடகத்துக்குக் கடைசித் தேதி அடுத்த மாதம் 22. 2023 ஜூலை 22 அன்று மாலை ஆறு மணிக்கு ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் கூப்பிட்டான்: எல்லாம் தயார், ஓடிபி மட்டும் வேண்டும். நான் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா அண்ணாவைக் கூப்பிட்டார். அண்ணா தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாவுக்குப் போயிருந்தார். ஃபோன் எடுக்கவில்லை, பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பத்து நிமிடத்தில் அந்த எண் காலாவதியானது. பையன் மறுபடி அனுப்பினான். மறுபடி கூப்பிட்டோம். ஏழரை மணிக்கு அண்ணா ஒரு மேட்டில் ஏறி நின்று பேசினார். பின்னால் பறைச் சத்தம். அவர் படித்த ஆறு இலக்கம் அதற்கு முந்தைய செய்தியில் வந்தது. புதியது அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒன்பது மணிக்கு ஆடிட்டர் அலுவலகம் மூடிவிட்டது. மறுநாள் 50 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு போட்டோம். தொகை பெரிதல்ல. ஆனால் அன்று இரவு அக்கா எனக்கு அனுப்பிய குரல் செய்தியில், தானே ஏதோ தப்புச் செய்துவிட்டது போல மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அந்த வாரமே நான் ஒரு தீர்வு கண்டேன். என்னிடம் வேலைக்கென்று தனியாக ஒரு சிம் இருந்தது. வாட்ஸ்அப் பிசினஸ் ஏற்கெனவே அதில்தான் ஓடியது, பாக்கெட்டில் அச்சடித்திருந்த எண்ணும் அதுவே. ஜிஎஸ்டி, எஃப்எஸ்எஸ்ஏஐ, கூரியர் கணக்கு எல்லாவற்றிலும் அந்த எண்ணையே மாற்றிக் கொடுத்தோம். புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கி அதன் கடவுச்சொல்லையும் நானே வைத்துக்கொண்டேன். இனி யாரையும் துரத்த வேண்டாம். அண்ணாவுக்கும் பாரம் குறைந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருக்கும்போது எனக்கு என்னம்மா கவலை” என்றார். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த ஓராண்டில் விற்பனை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. உதவி என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

2013-14-இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, நாட்டிலுள்ள 5.85 கோடி நிறுவனங்களில் சுமார் 80.5 லட்சம், அதாவது நூற்றுக்குப் பதினான்கு, பெண்களுக்கு உரியவை என்று சொல்கிறது. எண்ணிக்கை குறைவு என்ற வருத்தத்தோடுதான் எல்லோரும் அதைக் குறிப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் குறிப்பிட்டு வந்தேன். இன்று அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு எழும் கேள்வி வேறு. அக்கா போன்றவரை எந்தக் கணக்கெடுப்பும் பெண் தொழில்முனைவோர் பட்டியலில்தான் எழுதிக்கொள்ளும். பெயர் அவருடையது, ஆதார் அவருடையது, உழைப்பு அவருடையது. ஓடிபி யாருடைய ஃபோனுக்குப் போகிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. என் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குத்தான் அது தெரியும்.

தூக்குச் சட்டி

2024 ஆகஸ்ட் இறுதியில் எனக்கு டெங்கு வந்தது. அந்த மழைக்காலத்தில் கர்நாடகம் முழுவதும் பரவி, செப்டம்பரில் அரசே அதைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது நினைவிருக்கலாம். இரத்தத் தட்டுகள் குறைந்துபோய் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தேன். வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். வேலை ஃபோன் என் கைப்பையின் அடியில் அணைந்து கிடந்தது. டொரொண்டோ அம்மையாருக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லியிருந்தேன். அவர் தன் கணக்குகளைத் தானே திறந்து அந்த வாரத்தைச் சமாளித்துக்கொண்டார். அல்சூர் அக்காவுக்கும் உடம்பு சரியில்லை என்று செய்தி போயிருந்தது. ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரம் அது. பண்டிகை ஆர்டர்கள் அந்த அணைந்த ஃபோனுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தன.

நான்காம் நாள் மத்தியானம் அக்கா வந்தார். இரண்டு பஸ் மாறி, ஒரு கையில் எவர்சில்வர் தூக்கும் மறு கையில் துணிப்பையுமாக. தூக்கில் கஞ்சி, மூடியின் குழிவில் கொஞ்சம் நாரத்தங்காய். என்னை உட்கார வைத்து, தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து, கரண்டியால் ஊட்டினார். பிள்ளைகளைக் கேட்டார், தட்டு எண்ணிக்கையைக் கேட்டார், எந்த டாக்டர் பார்க்கிறார் என்று கேட்டார். வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, தூக்கைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கதவு வரை போனவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு மிகவும் தயங்கி, “கோவிச்சுக்காத மா. அந்த ஃபோனை மட்டும் ஒரு நிமிஷம் பாக்கலாமா? மில்லுக்கு எவ்வளவு கொடுக்கணும்னு தெரியல” என்றார்.

தன் கடையைப் பார்ப்பதற்கு அவர் என்னிடம் அனுமதி கேட்டார். அதுவும் நோயாளியிடம் கேட்கிறோமே என்ற குற்ற உணர்வோடு கேட்டார். அவர் குரலில் இருந்தது எனக்குப் பழகிய குரல். வீட்டுச் செலவுக்கு நூறு ரூபாய் கூடுதலாக வேண்டுமென்றால் அம்மா மாமாவிடம் அப்படித்தான் பேசுவாள். தன் கிரைண்டரில் தான் அரைத்துச் சம்பாதித்த பணத்தை, இரவல் கேட்பவள் போல. கைப்பையைத் தேடி ஃபோனை எடுத்து, சார்ஜரில் செருகி, அது உயிர் பெறும்வரை நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். அறுபத்து மூன்று செய்திகள். அவற்றில் ஒன்று, நான்கு ஆண்டுகளாக வாங்கும் சென்னை வாடிக்கையாளருடையது: கடையை மூடிவிட்டீர்களா, சொல்லியிருக்கலாமே என்று. அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். என் மீது அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர், “பாவம், அவங்களுக்குப் பதில் சொல்லணும்” என்றார். எப்படிச் சொல்வது என்று என் முகத்தைப் பார்த்தார்.

கணவரிடமிருந்தும் மகனிடமிருந்தும் அவருடைய வியாபாரத்தை மீட்டுக் கொடுத்துவிட்டதாக ஓராண்டாக நான் நினைத்திருந்தேன். நடந்தது அதுவல்ல. அவர்கள் கையில் இருந்ததை என் கைக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். அவர்கள் இருவரும் குடும்பத்தார் என்ற உரிமையாவது அவருக்கு இருந்தது. நான் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவள். நாளைக்கே ஊர் மாறிப் போய்விட்டால் அவர் யாரைப் போய்க் கேட்பார்?

ஊக்கு

உடம்பு தேறிய பிறகு முதலில் செய்தது அந்தச் சிம்மை அக்கா பெயருக்கு எழுதிக் கொடுத்தது. புதிய எண் வாங்குவது எளிது. ஆனால் பாக்கெட்டில் இருப்பதும் வாடிக்கையாளர்கள் அறிந்ததும் இந்த எண்தான், ஆகவே இந்த எண்ணே அவருடையதாக வேண்டும். இருவரும் கடைக்கு நேரில் போய், இருவர் அடையாள அட்டையையும் காட்டிக் கையெழுத்துப் போட்டோம். அடுத்து ஆதார். அதில் செல்பேசி எண்ணை மாற்ற அன்று நேரில் ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது; கட்டணம் 50 ரூபாய். 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பஸ்களில் பயணம் இலவசம் என்பதால், போகும் வழியில் கண்டக்டரிடம் அதே ஆதார் அட்டையைக் காட்டி இலவச டிக்கெட் வாங்கினார். மையத்தில் அவர் கைரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் வறுத்தும் இடித்தும் தேய்ந்த விரல்கள். ஈரத் துணியில் துடைத்து, அழுத்தி, விரல் மாற்றி, நான்காவது முயற்சியில் இடது கைக் கட்டைவிரல் பதிந்தது. “இந்த விரலுக்கு வேலை கம்மி” என்று அந்தப் பையனிடம் விளக்கினார்.

வீட்டுக்கு வந்து, மகன் அனுப்பிய புது ஃபோனில் சிம்மைப் போட வேண்டும். என் ஃபோனிலிருந்து எடுக்க ஊசி இல்லை. அக்கா தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் ஆக மெல்லியதைக் கழற்றி நீட்டினார். அதன் முனையைத் துளையில் வைத்து நான் அழுத்த, தட்டு வெளியே வந்தது. சிம்மை அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இவ்வளவுதானா?” என்று கேட்டார். பழைய செய்திகளை மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது வாட்ஸ்அப் பிசினஸின் முதன்மை ஃபோன் அவருடையது. என் கணினி அதனோடு இணைக்கப்பட்ட கூடுதல் கருவி மட்டும். வேலை முன்பு போலவே எனக்கு நடக்கிறது. ஆனால் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் அவர் ஃபோனில் இருக்கிறது. அதில் என் பெயரைத் தொட்டு வெளியேற்றினால் நான் வெளியே போய்விடுவேன். அதை அவருக்குக் காட்டினேன். “எதுக்கு மா அப்படியெல்லாம்” என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “இனிமே எனக்கு மெசேஜ் எதுவும் வராதா?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கும் அது ஒரு வேலையாக, ஒரு பங்காக இருந்திருக்கிறது. இப்போது பாக்கெட்டில் லேபிள் ஒட்டுவது அவர் பொறுப்பு, கோணாமல் ஒட்டுவார்.

அதன் பிறகு கற்றுக்கொள்வது வேகமாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் ரிட்டர்னுக்கு ஓடிபி வந்தபோது பதற்றத்தில் செய்தியையே அழித்துவிட்டார். முதல் மூன்று மாதம் என் வேலை நேரம் கூடியது, அதற்கு நான் பணம் வாங்கவில்லை; அது என் கடன் என்று நினைத்தேன். இந்த ஆண்டு ஒரு பொடி அரைக்கும் இயந்திரம் வாங்க, சிறுதொழிலுக்கான முத்ரா கடனில் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட சிசு பிரிவில் விண்ணப்பிக்க வங்கிக்குப் போனோம். மாத விற்பனை எவ்வளவு என்று அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு தொகையைச் சொன்னார், தவறு. பையிலிருந்து நீள நோட்டை எடுத்துப் புரட்டி, “இல்ல சார், அது தீபாவளி மாசம்” என்று தானே திருத்தினார்.

முதலாளியிடம் இப்படிக் கேட்கலாமா

இதே ஏற்பாட்டை மற்ற வாடிக்கையாளர்களிடமும் கொண்டுவர முயன்றேன். ஜெயநகரில் ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைகள் செய்து விற்கும் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இன்றும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. அவரிடம் ஆறு பேர் மரச்சட்டத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஜிஎஸ்டி பக்கத்துக்குள் எப்படி நுழைவது என்று அவருக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சிக்பேட்டையில எத்தனை சேட்டுங்க இருக்காங்க. அவங்கள்ல யாராவது பாஸ்வேர்டு தெரிஞ்சு வச்சிருக்காங்களா? குமாஸ்தா பாக்கறான், ஆடிட்டர் பாக்கறார். அவங்களை யாராவது, நீ உண்மையான முதலாளியான்னு கேக்கறாங்களா? எனக்கு இதெல்லாம் தெரிய வேணாம்னுதான் உங்களுக்குப் பணம் கொடுக்கறேன்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னது சரிதான் என்றே பட்டது. ஒரு பெண் தொழில் செய்தால் அதன் ஒவ்வொரு ஆணியையும் அவளே அடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகை அநியாயம்தான். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லையா? என் தொழிலே அந்த உரிமையின் மேல்தானே நிற்கிறது?

யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது. அந்தச் சிக்பேட்டை வியாபாரிக்குக் கடவுச்சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் குமாஸ்தாவை இன்று மாலை அனுப்பிவிட்டு நாளை காலை வேறொருவரை உட்கார வைக்க அவரால் முடியும், கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவா என்று ஒரு சொல்லில் கேட்க முடியும், கேட்பதற்குத் தயங்க மாட்டார். ரவிக்கைக்காரரும் அப்படிப்பட்டவர். எல்லாம் அவர் எண்ணில், அவர் மின்னஞ்சலில் இருக்கிறது. திறந்து பார்க்க அவருக்கு மனமில்லை, அவ்வளவே. அக்காவுக்கோ மனமிருந்தது, வழி இல்லை. வழியை அடைத்துக்கொண்டு அன்போடு நின்றவள் நான். இந்த வேறுபாடு எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வரும்போது அவர் எந்தப் பக்கம் என்பதை முதல் மாதத்தில் கண்டுபிடிக்க முடிவதில்லை. ‘எனக்கு வேண்டாம்’ என்பதும் ‘எனக்கு வராது’ என்பதும் பெரும்பாலும் ஒரே சொற்களில்தான் வருகின்றன.

2025 ஜூலையில், 2021-22 முதலான நான்கு ஆண்டுகளின் யுபிஐ வரவுகளை வைத்து மாநில வணிக வரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் கடை கடையாக ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று தாள் ஒட்டியதும் செய்தியானது. அந்த வாரம் எங்கள் பக்கத்துத் தெருவில் டிபன் கடை வைத்திருக்கும் தம்பதியரில் மனைவி மட்டும் இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். கடையை நடத்துவது கணவர். க்யூஆர் கோடு இணைந்த வங்கிக் கணக்கு மனைவி பெயரில். நோட்டீஸ் எதுவும் வரவில்லை, வருமோ என்று பயம். உணவகம் சேவையில் சேரும், அதற்கு வரம்பு 20 லட்சம் என்று சொல்லி, நான்கு ஆண்டு ஸ்டேட்மென்டை இறக்கி, வரவுகளைக் கூட்டிக் காட்டினேன். ஒரு ஆண்டைத் தவிர மற்றவை வரம்புக்குள் இருந்தன; ஆடிட்டரைப் பார்க்கச் சொன்னேன். அவர் தொகையைவிட வேறொன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு பணம் என் பேர்ல வந்து போயிருக்கா?” என்றார். கணக்கு தொடங்கிய நாளில் போட்ட கையெழுத்துக்குப் பிறகு அதை அவர் பார்த்ததே இல்லை. அன்று நான், “கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். பேனாவை அவரிடம் கொடுத்து, நான்கு ஆண்டுத் தொகைகளையும் அவர் கையாலேயே எழுதி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எழுதி முடிக்கப் பத்து மணியாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கணினியைத் திறந்தேன். அக்காவின் ஆர்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் க்யூஆர் கட்டம் மட்டும் இருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து அவரைக் கூப்பிட்டேன். “நான்தான் மா எடுத்துவிட்டேன். ராத்திரி அந்த லிஸ்டைப் பாத்துட்டிருந்தேன், உன் கம்ப்யூட்டர் பேரு இருந்துச்சு. எடுத்தா நெஜமாவே போகுதான்னு பாத்தேன்” என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. “கோவமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்றது உண்மை. அதைவிடப் பெரிதாக வேறொன்று நிறைந்ததும் உண்மை. நேரில் போகாமலேயே மறுபடி இணைக்க வழி உண்டு: என் திரையில் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு வரும், அதை அவர் தன் ஃபோனில் அழுத்தி அனுமதிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனார். வந்ததும் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லி அழுத்தினார். ஐந்தாவதில் நிறுத்தி, “பி-யா, டி-யா?” என்றார். “பி அக்கா. பெங்களூர் பி” என்றேன். எட்டாவது எழுத்துக்குப் பிறகு என் திரை திறந்தது. இரவிலிருந்து பதினோரு ஆர்டர்கள் வந்திருந்தன. அவற்றில் ஏழுக்கு அவரே தமிழில் பதில் போட்டிருந்தார்.